பைக் விபத்தில் உயிர் போனால் விசாரணை எப்படி நடக்கும்? குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே வருடம் நாடு முழுக்க விபத்தில் போன 1,68,491 உயிர்களில் 74,897 உயிர்கள் டூ வீலரில் போனவர்களுடையவை. இப்படிப் போகிற ஒவ்வொரு உயிருக்கும் ஒரு எஃப்.ஐ.ஆர்., ஒரு விசாரணை இருக்க வேண்டும். விபத்து வழக்குக் கட்டுகளைப் படிப்பது என் அன்றாட வேலை, படிக்கப் படிக்க ஆத்திரம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. மோதிய வண்டியின் டிரைவர் உயிரோடு இருப்பார், ஸ்டேஷனுக்கு வந்து தன் பக்கத்தைச் சொல்வார், அவருடைய முதலாளி வருவார். பைக்கில் போனவர் மார்ச்சுவரியில் கிடப்பார், அவர் வீட்டார் வெளியே அழுதுகொண்டு நிற்பார்கள். அந்த முதல் இரண்டு மூன்று நாளில் எழுதப்படும் நாலைந்து காகிதங்கள்தான் யார் மேல் தப்பு என்பதைப் பெரும்பாலும் கடைசிவரை தீர்மானிக்கின்றன. இறந்தவருக்காக அந்தக் காகிதங்களைப் படித்துப் பார்க்க ஒருத்தராவது வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டங்களின்படி.

போலீஸ் முதலில் என்ன செய்யும்? என்ன பிரிவில் கேஸ் போடுவார்கள்?

விபத்து நடந்த எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதிவாகும். சென்னையில் இதற்கென்றே போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, மற்ற ஊர்களில் பெரும்பாலும் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனே பார்க்கும். எதிரே வந்த வண்டி மேல் தப்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமாக ஓட்டுதல்), 106(1) (அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல்) என்று இரண்டு பிரிவுகளையும் எஃப்.ஐ.ஆரில் பார்ப்பீர்கள். பழைய ஐ.பி.சி.யில் இவை 279, 304-ஏ. முன்பு இரண்டு வருடம் வரைதான் தண்டனை, அபராதம் மட்டும் கட்டிவிட்டுப் போகவும் வழி இருந்தது. இப்போது ஐந்து வருடம் வரை சிறை, அதோடு அபராதம்.

எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். ஆன்லைனிலும் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் பார்க்கலாம். "எங்கள் லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பினால், எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173-ஆம் பிரிவிலேயே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நாங்கள் யாரும் விபத்தைப் பார்க்கவில்லை. புகார் கொடுக்கச் சொல்கிறார்கள், என்ன எழுதுவது?

தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார், எங்கே போனார், யார் போன் செய்து சொன்னார்கள், சொன்னவர் நேரில் பார்த்தவரா, அவர் பெயர், போன் நம்பர். பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதினால் பின்னால் குறுக்கு விசாரணையில் அது ஒன்றே போதும் உங்கள் வழக்கைக் கவிழ்க்க.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. ஸ்டேஷனில் ஏற்கெனவே ஒரு தாளில் எழுதி வைத்து "இதில் கையெழுத்துப் போடுங்க, பாடி சீக்கிரம் கிடைக்கும்" என்பார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, வேலை முடிய வேண்டும் என்கிற அவசரம்தான். ஆனால் அந்தத் தாளில் "தானாக நிலைதடுமாறி விழுந்து" என்று ஒரு வரி இருந்தால் அப்பாவோ அண்ணனோ போட்ட கையெழுத்தாலேயே வழக்கு திசைமாறிப் போய்விடும். படிக்கத் தெரிந்த ஒருத்தரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், தெரியாத விஷயத்துக்கு "எப்படி நடந்தது என்று எனக்கு நேரில் தெரியாது, விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதுவதில் எந்தத் தடையும் இல்லை.

ஏ.ஆர். காப்பி என்கிறார்களே, அது எதற்கு முக்கியம்?

அடிபட்டவரை முதலில் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களோ அங்கே டியூட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகல் அது. எஃப்.ஐ.ஆருக்கும் முந்தைய காகிதம், அதனால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் தேடுவது இதைத்தான். யார் கொண்டுவந்தார், என்ன சொன்னார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியில் "பைக்கில் போகும்போது தவறி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது" என்று இருந்தால், பின்னால் லாரி மோதியது என்று எஃப்.ஐ.ஆர். வந்தாலும் "லாரியை அப்புறம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்" என்பார்கள்.

ஆம்புலன்ஸ்காரரோ தெருவில் போனவரோ தூக்கிக்கொண்டு வந்திருப்பார், அவர் விழுந்து கிடந்ததைத்தான் பார்த்திருப்பார், மோதியதைப் பார்த்திருக்க மாட்டார். டாக்டருக்கு எழுத வேண்டியது காயம், அவர் கேட்டதைக் குறித்துக்கொள்வார். ஆகவே ஏ.ஆர். காப்பியில் வண்டி பெயர் இல்லை என்பதாலேயே வண்டி இல்லை என்று ஆகிவிடாது, கொண்டுவந்தவரைக் கண்டுபிடித்து அவர் என்ன பார்த்தார் என்பதைப் போலீஸ் வாக்குமூலமாகப் பதிய வேண்டும். அதைக் கேட்டுச் செய்யவைப்பது உங்கள் வேலை. மது வாசனை இருந்ததா இல்லையா என்பதும் இதே காகிதத்தில்தான் இருக்கும், அதையும் பாருங்கள்.

பிரேத விசாரணைக்கு வரச் சொல்கிறார்கள். போஸ்ட்மார்ட்டம்தானே அது?

இரண்டும் வேறு. பிரேத விசாரணை என்பது போலீஸ் அதிகாரி பஞ்சாயத்தார்கள் (சாட்சிக்காகக் கூப்பிடும் உள்ளூர்க்காரர்கள்) முன்னிலையில் உடலைப் பார்த்து, காயங்களைக் குறித்து, எப்படி இறந்தார் என்று அவர்களுடைய கருத்தையும் எழுதி வாங்குவது. பி.என்.எஸ்.எஸ்.ஸில் 194-ஆம் பிரிவு. அதற்குப் பிறகுதான் டாக்டர் செய்யும் போஸ்ட்மார்ட்டம். பஞ்சாயத்தாராக உங்கள் சொந்தக்காரர்களையே கூப்பிடுவார்கள், அவர்களும் துக்கத்தில் எங்கே கைகாட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அங்கேயும் கருத்துப் பகுதியைப் படித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்து இறந்தார். இது விபத்து மரணமாக வருமா?

வரும், ஆனால் தானாக வராது. முதலில் 125(பி) மாதிரிக் காயப் பிரிவில் போட்ட எஃப்.ஐ.ஆரை, இறப்புத் தகவல் வந்ததும் 106(1)-க்கு மாற்றி மாஜிஸ்திரேட்டுக்குப் பிரிவு மாற்ற அறிக்கை அனுப்ப வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து "பில் கட்டியாச்சு, வீட்டுக்குக் கொண்டுபோறோம்" என்று உடலை எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டால் போஸ்ட்மார்ட்டம் இல்லை, விபத்துக் காயத்தால்தான் இறந்தார் என்பதை நிரூபிக்கப் பிறகு வருடக்கணக்கில் அலைய வேண்டும். எவ்வளவு வலித்தாலும் ஜி.ஹெச்.சுக்குக் கொண்டுபோய் போஸ்ட்மார்ட்டம் செய்யுங்கள்.

விபத்து நடந்த இடத்தில் போலீஸ் என்னவெல்லாம் பார்த்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் வழக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஸ்பாட்டுக்குப் போன அதிகாரி இரண்டு காகிதம் தயாரிக்க வேண்டும்: பார்வை மகஜர், மாதிரி வரைபடம். மகஜரில் ரோட்டின் அகலம், தார் எவ்வளவு, ஓரத்து மண் பகுதி எவ்வளவு, வளைவா நேரா, தெருவிளக்கு எரிந்ததா, பகலா இரவா, மழையா என்று இருக்க வேண்டும். வரைபடத்தில் மோதிய புள்ளி, பைக் கிடந்த இடம், மற்ற வண்டி நின்ற இடம், இரத்தக்கறை, உடைந்த கண்ணாடி, டயர் தேய்த்த தடம் எல்லாம் அளவோடு வர வேண்டும். அளவோடு என்பதுதான் முக்கியம். நிறைய வரைபடங்களில் இரண்டு கோடு, நடுவில் ஒரு பெருக்கல் குறி, வடக்கு எது என்று ஒரு அம்பு, அவ்வளவுதான் இருக்கும். அந்தப் பெருக்கல் குறி ரோட்டின் இடது பாதியில் இருக்கிறதா வலது பாதியில் இருக்கிறதா என்பதில்தான் பைக்காரர் தன் பக்கத்தில் வந்தாரா, எதிர்ப் பக்கம் ஏறினாரா என்பதே இருக்கிறது.

டயர் தடம் என்ன சொல்லும் என்பதற்கு ஒரு கணக்கு. காய்ந்த தார் ரோட்டில் ஒரு கார் சக்கரம் லாக் ஆகி 20 மீட்டர் இழுத்துக்கொண்டு போய் நின்றிருந்தால், பிரேக் பிடித்தபோது அது கிட்டத்தட்ட மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்திருக்கிறது என்று அர்த்தம் (உராய்வு அளவு 0.7 என்று வைத்தால்). இழுத்துக்கொண்டு போய் நிற்காமல் பைக்கில் மோதியிருந்தால் வந்த வேகம் அதைவிட அதிகம். ஈரமான ரோடு என்றால் கணக்கு மாறும், சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். உள்ள வண்டி என்றால் தடமே விழாமல் போகலாம். மெதுவாகத்தான் வந்தேன் என்று டிரைவர் சொல்வதை இப்படித்தான் சோதிக்க முடியும், ஆனால் அந்த 20 மீட்டரை யாராவது டேப் வைத்து அளந்திருந்தால்தான். மறுநாள் போக்குவரத்து ஓடி, ஒரு மழையும் பெய்தால் தடம் போச்சு.

அதனால் உங்களில் துக்கத்திலும் நிதானமாக இருக்கிற ஒருத்தரை, ஒரு மச்சானையோ நண்பரையோ, அன்றே ஸ்பாட்டுக்கு அனுப்புங்கள். போனில் தூரத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும் படம் எடுக்கட்டும். பக்கத்தில் கொட்டி வைத்த ஜல்லி, பெயிண்ட் அடிக்காத வேகத்தடை, மூடாத குழி, நடு ரோட்டில் விளக்கில்லாமல் நிறுத்தி வைத்த டிராக்டர், எதையும் விட வேண்டாம். போலீஸும் இப்போது இ-டார் என்கிற செயலியில் ஸ்பாட்டிலிருந்தே படமும் இடமும் ஏற்ற வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய இந்த முறை முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதில் ஏறிய படங்களும் கேஸ் கட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

நொறுங்கிய பைக்கைப் பார்க்கவே முடியவில்லை. சீக்கிரம் வாங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம். மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போமே அவர், இரண்டு வண்டியையும் பார்த்து அறிக்கை கொடுக்கும்வரை எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது. அவர் அறிக்கை பெரும்பாலும் "இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை" என்ற வரியோடு முடியும். உங்களுக்கு அதைவிட முக்கியம் அதற்கு மேலே இருக்கிற சேதப் பட்டியல். பைக்கின் பின் மட்கார்டும் நம்பர் பிளேட்டும் நசுங்கியிருந்தால் பின்னாலிருந்து வந்து இடித்திருக்கிறது. வலது ஹேண்டில்பாரும் வலது ஃபுட்ரெஸ்டும் மட்டும் வளைந்திருந்தால் பக்கவாட்டில் உரசியிருக்கிறது. லாரியின் எந்த மூலையில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கீறல், அதில் பைக் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்பதோடு சேர்த்துப் பார்த்தால் மோதல் நடந்த விதம் தெரிந்துவிடும்.

வண்டி திரும்பக் கிடைத்த பிறகும் வழக்கு முடியும்வரை வைத்திருக்க முடிந்தால் வைத்திருங்கள். முடியாவிட்டால் நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டு அப்புறம் கொடுங்கள். ஹெல்மெட்டையும் துணிமணியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சிசிடிவி பார்த்தோம் என்று போலீஸ் சொல்கிறார்கள், போதுமா?

பார்த்தால் போதாது, கைப்பற்ற வேண்டும். பெட்ரோல் பங்க், டீக்கடை, நகைக்கடை கேமராக்களில் பதிவு சில நாளிலேயே பழையதன் மேல் எழுதப்பட்டு அழிந்துவிடும். எந்தெந்தக் கடையில் கேமரா ரோட்டைப் பார்த்து இருக்கிறது என்று நீங்களே பட்டியல் எடுத்து, அந்தப் பதிவுகளைக் கைப்பற்றக் கோரி எழுத்தில் மனு கொடுத்து, ஸ்டேஷன் முத்திரையோடு நகல் வாங்குங்கள். கடைக்காரரிடமும் பணிவாகச் சொல்லி அழியாமல் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோ கோர்ட்டில் அப்படியே செல்லாது, எடுத்த கருவியிலிருந்து வந்தது என்று புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்று வேண்டும். பஸ், லாரிகளில் ஜி.பி.எஸ். இருந்தால் அந்த வேகப் பதிவையும் கேளுங்கள்.

லாரி டிரைவரை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். பணம் வாங்கிவிட்டார்களா?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 106(1) ஜாமீனில் விடக்கூடிய குற்றம், ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. விட்டுவிட்டார்கள் என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. டிரைவர் ஓடிப்போய்ச் சொல்லாமல் விட்டால் பத்து வருடம் வரை என்கிற 106(2) பேப்பரில் வந்ததே என்று கேட்பார்கள். 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் நாடு முழுக்க எதிர்த்ததையடுத்து அந்த உட்பிரிவை மட்டும் அமல்படுத்தாமல் நிறுத்தி வைத்திருக்கிறது மத்திய அரசு. குடித்துவிட்டு ஓட்டிய மாதிரியான வழக்கில், உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார் என்று காட்ட முடிந்தால், 105-ஆம் பிரிவு (கொலை ஆகாத மரணம் விளைவித்தல்) போடக் கேட்கலாம். பழைய சட்டத்தில் இதற்கு இணையான பிரிவை உச்ச நீதிமன்றம் 2012-ல் ஏற்றிருக்கிறது. அதற்கு டிரைவரின் இரத்தத்தை அன்றே எடுத்திருக்க வேண்டும். எடுத்தார்களா என்று முதல் நாளே கேளுங்கள். ஓடிப்போனது தப்பே இல்லை என்றும் ஆகிவிடாது, அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு டிரைவருக்குக் கடமையாகவே வைத்திருக்கிறது.

இறந்துபோன என் தம்பி மேலேயே கேஸ் போட்டிருக்கிறார்கள். இப்படிச் செய்யலாமா?

செய்கிறார்கள். உண்மையிலேயே அவர் மேல் தப்பு இருந்தால் அது சரியும்கூட. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவர் கோர்ட்டுக்கு வந்து மறுப்பார், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வார், போலீஸ் எழுதியது சரியா என்று ஒரு நீதிபதி பார்ப்பார். இறந்தவரைக் குற்றவாளி ஆக்கினால் "எதிரி இறந்துவிட்டதால் வழக்கு அற்றுப்போனது" என்று ஒரு இறுதி அறிக்கையோடு கட்டு மூடப்படும். யாரும் எதையும் சோதிக்க மாட்டார்கள். வேலைப்பளு உள்ள ஒரு ஸ்டேஷனுக்கு இதைவிடச் சுலபமான முடிவு கிடையாது, அதனால்தான் இந்த இடத்தில் குடும்பம் விழிப்பாக இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

நான் படித்த ஒரு கட்டில், பைக்காரர் நடுக்கோட்டைத் தாண்டி வந்து வேனில் மோதியதாக எஃப்.ஐ.ஆர். சொன்னது, புகார் கொடுத்தவர் அந்த வேன் டிரைவரே. அதே கட்டில் இருந்த வரைபடத்தில் மோதிய புள்ளி பைக் வந்த பக்கத்தின் இடது ஓரத்தை ஒட்டி இருந்தது. வாகன ஆய்வாளர் அறிக்கையில் வேனின் இடது முன் மூலையில் சேதமே இல்லை, வலது மூலையில்தான். மூன்று காகிதமும் ஒரே நூலில் கோத்து ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. இறுதி அறிக்கை எழுதியவர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் எஃப்.ஐ.ஆர்., மகஜர், வரைபடம், போஸ்ட்மார்ட்டம் சான்று, வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாவற்றையும் வாங்குங்கள். சாலை விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறைத் தளத்திலேயே பதிவிறக்கும் வசதியும் இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதைக் குறித்து, பார்த்த சாட்சி யாராவது இருந்தால் அவர் பெயரோடு, டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் (மாநகரம் என்றால் கமிஷனருக்கு) பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். விசாரணை அதிகாரியை மாற்றக் கேட்கலாம். இறுதி அறிக்கை போய்விட்டது என்றாலும் பி.என்.எஸ்.எஸ். 193(9)-இன் கீழ் மேல் விசாரணைக்கு வழி இருக்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேப மனு போடலாம், அங்கேயும் நடக்காவிட்டால் உயர் நீதிமன்றம். புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒன்று வந்தால், வழக்கைக் கைவிடப் போகிறார்கள் என்று அர்த்தம், அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடாமல் அன்றே வக்கீலிடம் கொண்டுபோங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றாலும் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் எஃப்.ஐ.ஆர். கடைசி வார்த்தை கிடையாது. அது ஒரு ஆவணம், அவ்வளவுதான். கூண்டில் ஏறிச் சொல்கிற நேரடி சாட்சியை நம்பித் தீர்ப்பாயம் வேறு முடிவுக்கு வரலாம்.

ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனார்கள். அதனால் எங்கள் மேல்தான் தப்பு என்கிறார்கள்.

இரண்டும் சட்டமீறல்தான், மறைக்க வேண்டாம். ஆனால் விபத்துக்கு யார் காரணம் என்பது வேறு கேள்வி. ஒரு பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே அவர்கள் மேலும் அஜாக்கிரதை என்று சொல்ல முடியாது, அப்படிப் போனதற்கும் மோதலுக்கும் தொடர்பு இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹெல்மெட்டுக்கும் இதே வாதத்தை வைக்கலாம். நெஞ்சிலும் வயிற்றிலும் அடிபட்டு இறந்தவருக்கு ஹெல்மெட் பேச்சே எடுபடாது, தலைக்காயம் என்றால் நஷ்டஈட்டில் கொஞ்சம் பிடித்தம் வரலாம். குடி விஷயத்தில், "வாசனை வந்தது" என்பதும் இரத்தப் பரிசோதனை முடிவும் ஒன்றல்ல. சட்ட வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கையைக் கேளுங்கள்.

எந்த வண்டியும் மோதவில்லை, பள்ளத்தில் விழுந்துதான் இறந்தார். அதை யார் விசாரிப்பார்கள்?

விசாரிக்க வேண்டியவர்கள் அதே போலீஸ்தான், ஆனால் "நிலைதடுமாறி" என்ற ஒரே சொல்லில் பள்ளம் காணாமல் போய்விடுகிறது. சாலை அமைத்த, பராமரிக்கிற ஒப்பந்ததாரரும் துறையும் தரம் காக்காததால் சாவு நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு சொல்கிறது. தோண்டிவிட்டு மூடாதவர் மேல் 106(1) போடக் கேட்கவும் உரிமை உண்டு.

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம் பொறியாளர் மேல் அனுமதியில்லாத பேனர் விழுந்து, அவர் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்தார். லாரி டிரைவரோடு அந்த வழக்கு நின்றுவிடவில்லை. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் அரசைக் கேள்வி கேட்டு, குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பேனர் வைத்தவர் சுமார் இரண்டு வாரம் கழித்துக் கைதானார். பேனர் விழும் காட்சி கேமராவில் பதிவாகி ஊரே பார்த்ததுதான் அதில் பெரிய வித்தியாசம். கேமரா இல்லாத இடத்துப் பள்ளத்துக்கு நீங்கள் எடுக்கும் படம்தான் சாட்சி, மறுநாள் அவசரமாக மண் போட்டு மூடியிருந்தால் மூடியதையும் தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லை.

மத்திய அரசின் மோதிவிட்டு ஓடிய வாகன இழப்பீட்டுத் திட்டத்தில் 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் விசாரித்து, கலெக்டர் உத்தரவு போடுவார். ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் இந்தத் திட்டம் பற்றிக் குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போலீஸுக்கு உத்தரவிட்டிருக்கிறது. உங்களுக்கு அப்படிக் கடிதம் வரவில்லை என்றால் போய்க் கேளுங்கள். பிறகு வண்டி சிக்கினால் முழு நஷ்டஈட்டு வழக்கும் போடலாம், வாங்கிய தொகையை மட்டும் அதில் கழித்துக்கொள்வார்கள்.

விசாரணை எத்தனை நாளில் முடிய வேண்டும்?

2022-ல் வந்த மத்திய விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை. குடும்பத்துக்கு அவர்களுடைய உரிமைகளைச் சொல்கிற படிவத்தையும் பத்து நாளில் கொடுக்க வேண்டும். கிரிமினல் பக்கத்திலும் 90 நாளில் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும். நடப்பில் பாதிப் பேருக்கு இந்தப் படிவங்கள் இருப்பதே தெரியாது. 91-வது நாள் எழுத்தில் கேளுங்கள்.

கிரிமினல் கேஸ் முடிந்த பிறகுதான் நஷ்டஈடு கேட்க முடியுமா?

காத்திருக்கவே வேண்டாம். நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போடச் சொல்கிறது திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கிரிமினல் கேஸோ வருடக்கணக்கில் ஓடும். விபத்து நடந்த ஊரிலோ நீங்கள் குடியிருக்கிற ஊரிலோ போடலாம், சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம். கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலையானாலும் நஷ்டஈடு கிடைக்கலாம். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

முழுக்க அவர் தப்புதான். அப்படியானால் ஒன்றுமே கிடைக்காதா?

தன் தப்பால் இறந்தவரின் வாரிசுகள் மூன்றாம் நபர் நஷ்டஈடு கேட்க முடியாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இன்சூரன்ஸே கிடைக்காது என்று விட்டுவிட்டார்கள். அவசரப்படாதீர்கள், பைக் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருந்தால் தொகை 15 லட்சம் ரூபாய். வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது. யார் மேல் தப்பு என்பது இதற்குத் தேவையில்லை. பின்னால் உட்கார்ந்து போனவர் இறந்திருந்தால் கதை வேறு, ஓட்டியவர் மேல் தப்பு என்றாலும் அவர் குடும்பம் கேட்கலாம், பாலிசி முழுக் காப்பீடா தேர்டு பார்ட்டி மட்டுமா என்பதைப் பொறுத்து பணம் தர வேண்டியவர் மாறுவார்.

மார்ச்சுவரி வாசலிலேயே ஒருவர் வந்து வக்காலத்தில் கையெழுத்து கேட்டார். எதிர் பார்ட்டியும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறது.

அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது வக்கீல் தொழில் விதிகளுக்கே விரோதம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 15100-க்குப் போன் செய்யலாம். பேசி முடித்துக்கொள்ளும் பத்திரத்தைப் பொறுத்தவரை, 106(1) நீங்களாகச் சமாதானம் ஆகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றமே இல்லை. ஸ்டேஷனில் ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு "ஆட்சேபம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் நஷ்டஈட்டு வழக்கில் உங்களுக்கு எதிராக அந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள்.

பார்த்த ஒருவர் இருக்கிறார், போலீஸ் கோர்ட் என்றால் பயப்படுகிறார்.

அவரிடம் கோபப்படாதீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவராகக்கூட இருக்கலாம். உதவி செய்தவரைப் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைக்கவோ கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டுதல் இருக்கிறது, பிறகு 134-ஏ என்று மோட்டார் வாகனச் சட்டத்திலும் வந்துவிட்டது. அவராக முன்வந்தால் அவருக்குத் தோதான நேரத்தில், அவர் வீட்டிலேயே, போலீஸ் சாதாரண உடையில் வந்து விசாரிக்கலாம். இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள், ஒத்துக்கொண்டால் அவர் பெயரையும் நம்பரையும் விசாரணை அதிகாரிக்கு மனுவாகவே கொடுத்து, வாக்குமூலம் பதிவாகும்வரை விடாமல் கேளுங்கள்.